பண்டிகைக்குப் பழுதாகும் மெஷின்கள்

ருக்மணி மருதை மேலாண்மை படிக்கப் போனதற்கு அறிவுத் தாகம் காரணம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கோபம்தான் காரணம்.

மொரிஷியஸ் தீவின் ரிவியேர் டு ராம்பாரில், கரும்புத் தோட்டத்தை ஒட்டித் தகரக் கூரை போட்டு நின்ற ஒரு ஸ்வெட்டர் தொழிற்சாலையில் அவள் சூப்பர்வைசர். எண்பத்தெட்டாம் வருஷம் ஒரு நாள், பிரான்சிலிருந்து வந்த வியாபாரிகளும் முதலாளியும் அவளுடைய ஹாலின் நடுவில் நின்றுகொண்டு அந்த ஹாலைப் பற்றியே வெகுநேரம் பேசினார்கள். பேசியது பிரெஞ்சு. அவளுக்குப் பிரெஞ்சு நன்றாகவே தெரியும். ஆனாலும் பாதிப் பேச்சு பிடிபடவில்லை. சோர்சிங் என்றார்கள், மார்ஜின் என்றார்கள், பொசிஷனிங் என்றார்கள். தன் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் தனக்கு விளங்காத பாஷையில் பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டது போல அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த வாரமே பஸ் ஏறி போர்ட் லூயிஸுக்குப் போய் மாலை வகுப்பில் பெயரைப் பதிந்துவிட்டு வந்தாள். படிப்பின் பெயர், சர்வதேச வணிகச் சூழலில் உத்தி மேலாண்மை.

"பேரச் சொல்லி முடிக்கிறதுக்கே மூச்சு வாங்குது. படிச்சு முடிக்க எவ்வளவு வேணுமோ!" என்றான் புருஷன் ஐயாசாமி. அவன் மாயெபூர் பக்கத்து விமான நிலையத்திலிருந்து கிராண்ட் பே ஹோட்டல்களுக்குச் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப்போகும் பஸ்ஸின் டிரைவர். கேலி செய்தானே ஒழிய, வகுப்பு நாட்களில் ராத்திரிச் சமையலைத் தானே ஏற்றுக்கொண்டான். அவன் வைத்த பருப்பில் உப்பு எப்போதும் ஒரு கை கூடுதல். அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை, கெட்டிக்காரி.

முப்பத்துமூன்று வயதில் என்ன பரீட்சை என்று கோவிலில் சிலர் சிரித்தார்கள். ருக்மணிக்கு அந்தச் சிரிப்பு பழகிப்போன ஒன்று. எழுபதுகளில் அவள் ஐந்தாம் ஃபாரம் பாஸ் செய்து, டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டு, அது கிடைக்காமல் தொழிற்சாலைக்குப் போனபோதும் அதே வாய்கள்தான் சிரித்தன. அரசாங்கத்துக்கு அது ஏற்றுமதி மண்டலம். ஊருக்கு அது வெறும் 'ஸோன்'. நல்ல குடும்பத்துப் பெண் போகக்கூடாத இடம். விடியற்காலையில் கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தால் தெருவே எட்டிப் பார்க்கும். ருக்மணி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, முதுகை நிமிர்த்தி, எல்லோரும் பார்க்கட்டும் என்றே மெதுவாக ஏறுவாள். சில வருஷம் கழித்து, எட்டிப் பார்த்த வீட்டுப் பெண்களும் அதே வேனில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள்.

அவளுடைய ஹாலில் நடந்த வேலைக்கு ரெமையாஸ் என்று பெயர். வட்டமான தட்டைச் சுற்றி ஊசி ஊசியாக நிற்கும் ஒரு மெஷின். ஸ்வெட்டர் உடம்பின் ஒவ்வொரு கண்ணியையும் ஓர் ஊசியில் மாட்டி, அதன்மேல் கழுத்துப்பட்டியின் கண்ணியையும் மாட்டி இணைக்க வேண்டும். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் முதல் சலவையிலேயே கழுத்து பிரிந்து வரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை. நூற்றுச் சொச்சம் பெண்கள் அங்கே இருந்தார்கள். தமிழர், ஆப்பிரிக்க வழி வந்த கிரியோல்கள், முஸ்லிம், பீகார் வழி வந்த இந்துக்கள், சீனர் இரண்டு மூன்று பேர். அந்த ஹாலை ருக்மணி தன் வீடு போலப் பார்த்துக்கொண்டாள் என்பதைவிட, வீட்டைத்தான் அந்த ஹால் போல ஒழுங்கில் வைத்திருந்தாள் என்பது சரி.

வகுப்பில் வங்கி குமாஸ்தாக்கள், சர்க்கரை ஆலைக் கணக்கர்கள், ஹோட்டல் வரவேற்பு மேஜைக்காரர்கள். தொழிற்சாலைத் தரையிலிருந்து வந்தவள் அவள் ஒருத்திதான். பாடம் எடுத்தவள் ரமாமணி. திருச்சிக்காரி, ருக்மணியைவிட நாலைந்து வயது சின்னவள், தீவுக்கு வந்து வருஷம்கூட நிறையவில்லை. முதல் நாள் பெயர்ப் பட்டியலில் மருதை என்று பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"தமிழா நீங்க? பூர்வீகம் எந்த ஊரு?"

"தமிழில் நான் கோவிலில் பாட்டு பாடுவேன், மிஸ். பேசுவது..." ருக்மணி விரலால் ஒரு துளி காட்டினாள். "எந்திகித், கொஞ்சமே கொஞ்சம். தாத்தாவுக்கு அப்பா கப்பலில் வந்தார். எந்த ஊர், யாருக்கும் தெரியாது."

அதன்பிறகு இருவரும் ஆங்கிலத்துக்குத் தாவினார்கள். ருக்மணிக்கு வீட்டிலும் ஹாலிலும் தீவின் பேச்சுமொழியான கிரியோல், ஆபீஸில் பிரெஞ்சு, பரீட்சைத் தாளில் ஆங்கிலம், முருகனிடம் மட்டும் தமிழ். நம் வசதிக்காக எல்லோரையும் தமிழிலேயே பேச விடுவோம்.

படிப்பு முதலில் கசந்தது, பிறகு பிடித்துப்போனது. யார் உன்னிடம் வாங்குகிறார்கள், ஏன் வாங்குகிறார்கள், உன்னை விட்டுவிட்டு அவர்கள் வேறு எங்கே போகலாம், புதிதாக யார் உள்ளே வரலாம்? சின்னக் கேள்விகள்தான். ஆனால் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தபோது சந்தையில் காய்கறி விற்பவர்கள் முதல் கிராண்ட் பே ஹோட்டல்கள் வரை எல்லாமே வேறாகத் தெரிந்தன. வேனில் போகும்போது புத்தகம், சாப்பாட்டு வேளையில் புத்தகம். முதல் வருஷப் பரீட்சையில் வகுப்பிலேயே இரண்டாம் இடம். ஐயாசாமி அந்தச் செய்தியைத் தன் பஸ்ஸில் வந்த ஜெர்மன்காரர்களிடம்கூடச் சொன்னான். அவர்கள் கைதட்டினார்களாம். என்ன புரிந்து தட்டினார்களோ.

இரண்டாம் வருஷத்தில்தான் இடி விழுந்தது. தொண்ணூறு ஜனவரியில் முதலாளி சூப்பர்வைசர்களைக் கூப்பிட்டார். பெயர் க்ளோட். வெள்ளைக்காரக் குடும்பம், தீவிலேயே பிறந்து வளர்ந்தவர். எல்லோருக்கும் அவர் 'மிஸ்யே க்ளோட்'. தொழிலாளிகளிடம் கிரியோலில் நீ, வா, போ என்றுதான் பேசுவார்.

"மடகாஸ்கர்ல இடம் பாத்துட்டேன். அங்க கூலி நம்மளவிட ரொம்பக் கம்மி. மதாம் ஒதிலும் சரின்னுட்டா. நம்ம மெஷின் எல்லாம் கிழடு, அடிக்கடி பழுதாகுதுன்னு அவளுக்கும் அலுத்துப் போச்சு. புது மெஷின் வாங்கி அங்க போடறதுதான் புத்திசாலித்தனம். ஏப்ரல்ல வர்றா. கையெழுத்துப் போட்டதும் ரெமையாஸ் ஹால மூடிடலாம்."

ஒதில் என்பவள் பிரான்சில் லில் நகரத்துக் கடைகளுக்குத் துணி வாங்குகிறவள். தொழிற்சாலையின் பாதிச் சரக்கு அவளுக்குத்தான் போனது. அவள் வைத்ததுதான் சட்டம். ஹால் மூடப்பட்டால் ருக்மணிக்கு வேறு வேலை கிடைத்துவிடும். மற்ற பெண்களுக்கு? அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த இவெட், மூன்று பிள்ளைகளைத் தனியாக வளர்க்கிறவள், அவள் எங்கே போவாள்?

படிப்பு முடிய ஓர் ஆய்வறிக்கை எழுத வேண்டியிருந்தது. ஒரு கம்பெனியை எடுத்து, அதன் பலம், பலவீனம் பார்த்து, எந்த வழியில் போகலாம் என்று சொல்ல வேண்டும். பிறகு அதை அந்தக் கம்பெனியின் நிர்வாகத்துக்கு முன்னால் பேசியும் காட்ட வேண்டும். ருக்மணி தன் ஹாலையே எடுத்துக்கொண்டாள். ஹாலை மூடக்கூடாது என்பதை அறிவால் நிரூபித்துவிடலாம் என்று நம்பினாள். ராப்பகலாக எழுதினாள். பலம் என்ற தலைப்பில் குறைந்த கூலி, மறுக்காமல் செய்யும் ஓவர்டைம், பிரெஞ்சும் ஆங்கிலமும் தெரிந்த ஆட்கள், ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் போகும் சரக்கு. பலவீனம் என்ற தலைப்பில் தூரம், பழைய மெஷின், அதோடு 'அளவுக்கு மீறிய பண்டிகைகள்'. முடிவு, ஹால் நீடிக்க வேண்டும்.

ரமாமணி அதைப் படித்துவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"மிஸஸ் மருதை, கூலி மடகாஸ்கர்ல இன்னும் கம்மி. வரிச் சலுகை அவங்களுக்கும் உண்டு. ஓவர்டைம் அவங்களும் செய்வாங்க. நீங்க எழுதின பலம் எல்லாத்தையும் இன்னொருத்தர் நாளைக்கே வாங்கிடலாம். இந்த அறிக்கைய நேர்மையா முடிச்சா என்ன வரும் தெரியுமா? ஹால மூடுங்கன்னுதான் வரும். நீங்க கணக்கப் போட்டுட்டு விடைய மட்டும் பாசத்துல எழுதியிருக்கீங்க. இத நான் பாஸ் பண்ண முடியாது."

"நீங்க எங்க ஹாலப் பாத்ததே இல்ல, மிஸ்."

"இல்லதான். அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன். வேற யாராலும் வாங்க முடியாத, பாத்துச் செய்ய முடியாத ஏதாவது அங்க இருக்கா? இருந்தா எழுதுங்க. இல்லன்னா, இல்லன்னு எழுதுங்க."

திருத்தி எழுத ஈஸ்டர் வரை நேரம் கொடுத்தாள். ருக்மணி வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது கண் கலங்கியது. நேற்று வந்தவள், எனக்கு என் ஹாலைப் பற்றிச் சொல்கிறாளா என்று மனசு கொதித்தது. அதைவிட, அவள் சொன்னதில் ஓட்டை ஒன்றுகூட இல்லையே என்பதுதான் அதிகம் சுட்டது.

அதற்குள் தைப்பூசக் காவடி வந்துவிட்டது. மொரிஷியஸ் தமிழர்களுக்குக் காவடி என்றால் பத்து நாள் விரதம், சாயங்காலம் தோறும் கோவில், பிறகு ஊரே திரளும் அந்த ஒரு நாள். அரசாங்க விடுமுறைதான். ஆனால் ஆர்டர் கையில் இருந்தால் ஸோனில் விடுமுறை ஏது? தமிழ்ப் பெண்கள் மட்டும் போவார்கள், மற்றவர்கள் அவர்கள் இடத்தில் உட்கார்ந்து வேலையை ஓட்டுவார்கள்.

இங்கே அந்தத் தொழிற்சாலையின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். பண்டிகைக் காலத்தில் பெண்கள் முன்னே பின்னே போய்வருவதால், அன்றன்றைய சரக்குக் கணக்கு கொஞ்சம் ஏறி இறங்கும். ஏன் என்று பிரான்சிலிருந்து டெலக்ஸில் கேள்வி வரும். அதற்கு, ருக்மணி சூப்பர்வைசர் ஆன நாளிலிருந்து, அவளும் மற்ற சூப்பர்வைசர்களும் ஒரே பதிலைத்தான் ஆபீஸுக்குச் சொல்லி அனுப்புவார்கள்: மெஷின் பழுது. வெள்ளைக்காரர்களுக்கு மெஷினின் நோய் புரியும், காவடி புரியாது என்பது அவர்கள் எண்ணம். எங்கள் பெண்கள் சாமி கும்பிடப் போனார்கள் என்று எழுதினால் சோம்பேறிகள் என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம். இப்படியே காவடிக்குப் பழுது, ஈத் பெருநாளுக்குப் பழுது, கிராண்ட் பாசான் ஏரிக்கு நடந்து போகும் சிவராத்திரிக்குப் பழுது, சீனர் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் பழுது. உலகத்திலேயே பக்தி அதிகமான மெஷின்கள் அவைதான். மிஸ்யே க்ளோட்டுக்கும் இது தெரியாது. அவர் ஹாலுக்குள் வருவதே அபூர்வம்.

அந்த வருஷம் காவடிக்கு முந்தின நாள். தமிழ்ப் பெண்களில் பெரும்பாலோர் போய்விட்டார்கள். ருக்மணியும் மதியத்தோடு கிளம்ப வேண்டியவள். விரதத்தில் வயிறு ஒட்டிக்கிடந்தது, எரிச்சல் மூக்கு நுனியில் நின்றது. அப்போது பார்த்து லில்லிலிருந்து அவசரத் தகவல். மிச்சமுள்ள சரக்கில் வட்டக் கழுத்து வேண்டாம், பட்டன் வைத்த காலர் வேண்டுமாம்.

"அயோ பொந்தியே, கடவுளே!" என்று தலையில் கை வைத்தாள் ருக்மணி. "பாதி ஹால் காலி. இப்பப் போய் மாடல மாத்தச் சொன்னா?"

இவெட் ஏற்கனவே எழுந்துவிட்டாள். "நீ ஏன் கத்தற? சாந்தியோட மெஷின்ல நான் உக்காந்து நாலு காவடி பாத்துட்டேன். காலர் அவளவிட நான் நல்லாப் போடுவேன், அவகிட்ட சொல்லிடாத. நஸீமா, நீ ஸ்வெட்டர் கை வைக்கற பக்கம் வா."

நஸீமா வந்தாள். அவள் இடத்துக்கு இன்னொருத்தி நகர்ந்தாள். யாரும் யாரையும் கேட்கவில்லை. புது மாடல் அன்று மதியமே ஓட ஆரம்பித்தது. ருக்மணி வழக்கம்போல ஆபீஸுக்குப் போய் 'மெஷின் பழுது' என்று சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

பக்கத்து ஊர்த் தொழிற்சாலைகளில் மாடல் மாற்ற ஒரு வாரம் ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். அங்கே ஒருத்திக்கு ஒரு தையல், ஒரு மெஷின், அவ்வளவுதான். இங்கே மட்டும் ஏன் ஒரு மதியத்தில் முடிகிறது? இங்கே எந்தப் பெண்ணும் எந்த இடத்திலும் உட்காருவாள். யார் கற்றுக்கொடுத்தது? யாருமில்லை. காவடிக்கு இவெட் உட்கார்ந்தாள். கிறிஸ்துமஸுக்கு இவெட்டின் இடத்தில் சாந்தி உட்கார்ந்தாள். ஈத் வந்தால் இருவரும் நஸீமாவுக்காக உட்கார்ந்தார்கள். இப்படிப் பதினைந்து வருஷம். நம் ஊர்ப் பெண்கள் ஒருத்தியின் சாமிக்காக இன்னொருத்தி வேலை செய்தே எல்லா வேலையையும் கற்றுவிட்டார்கள். இதை மடகாஸ்கரில் எத்தனை புது மெஷின் வாங்கிப் போட்டாலும் வாங்க முடியாதே! இதைத்தான் அவள் தன் கையாலேயே 'பலவீனம்' என்ற தலைப்பின் கீழ் எழுதியிருந்தாள்.

அடுத்த நாள் காவடி ஊர்வலத்தில் பால்குடம் தலையில் இருந்தபோது அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. மதாம் ஒதில் இந்த ஹாலை விட்டுப் போவதே மெஷின் பழுது என்ற காரணத்தால்தான். அந்தப் பழுதை உண்டாக்கியது ருக்மணியின் வாய். வெயிலில் கால் சுட்டது. மனசு அதைவிட அதிகமாகச் சுட்டது.

ஐயாசாமியிடம்தான் முதலில் சொன்னாள்.

"இத எழுதினா, இத்தன வருஷம் பொய் சொன்னோம்னு ஒத்துக்கணும். மிஸ்யே க்ளோட் என்ன வெளிய அனுப்பிடுவார்."

"எழுதலன்னா?"

"ஹால் போயிடும்."

ஐயாசாமி தலையைச் சொறிந்தான். "அப்படின்னா, எப்படிப் பாத்தாலும் உனக்கு அந்த வேல இல்ல. நல்லபடியா எழுதிட்டாவது வெளிய வா."

எழுதினாள். இந்தத் தடவை விடையை முதலில் வைத்துக்கொண்டு எழுதவில்லை. சாதாரண ஸ்வெட்டரை மடகாஸ்கர் மலிவாகச் செய்யும், அதை அங்கே விட்டுவிடலாம் என்று மனசு வலிக்க வலிக்க ஒப்புக்கொண்டு எழுதினாள். ஆனால் குளிர்காலத்தின் நடுவில் ஐரோப்பாக் கடைகளில் ஒரு மாடல் சட்டென்று விற்றுத் தீர்ந்துபோகும். மறுபடி வேண்டும், கொஞ்சமாக வேண்டும், உடனே வேண்டும். அதைச் செய்துகொடுக்க ஆளில்லை. அதே டிசம்பரில்தான் வெயில் தேடி வரும் சுற்றுலாக்காரர்களுக்காகக் கூடுதல் விமானங்கள் தீவுக்கு வருகின்றன என்று ஐயாசாமி தினமும் அலுத்துக்கொள்வான். அந்த விமானங்களின் அடிவயிற்றில் பெட்டிகளை ஏற்றினால் கப்பலுக்குக் காத்திருக்க வேண்டாம். மாடலை ஒரு மதியத்தில் மாற்றக்கூடிய ஹால் ஒன்று ரிவியேர் டு ராம்பாரில் இருக்கிறது. பண்டிகைகள்தான் அதன் பயிற்சிப் பள்ளி.

ரமாமணி படித்து முடித்து நிமிர்ந்தாள். "இத உங்க முதலாளி முன்னால அப்படியே சொல்வீங்களா?"

"சொல்வேன், மிஸ்."

"நானும் வந்து உக்காந்துக்கறேன். உங்க ஹாலப் பாக்கணும்."

ஏப்ரலில் மதாம் ஒதில் வந்தாள். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய, அநாவசியமாகச் சிரிக்காத பெண். ஒப்பந்தக் காகிதங்கள் மேஜைமேல் இருந்தன. படிப்புக்காக ஒரு சூப்பர்வைசர் கொஞ்சம் பேச வேண்டுமாம், மரியாதைக்காகக் கேட்டுவிடலாம் என்று க்ளோட் அவளிடம் மன்னிப்புக் கேட்கிற தொனியில் சொன்னார். ரமாமணி மூலையில் ஒரு நாற்காலியில் இருந்தாள். ருக்மணி கஞ்சி போட்டு மடித்த பருத்திப் புடவையில் எழுந்து நின்றாள். முருகனை நினைத்துக்கொண்டு பிரெஞ்சில் ஆரம்பித்தாள்.

"மதாம், எங்க ஹால்ல மெஷின் அடிக்கடி பழுதாகுதுன்னு நீங்க நினைக்கறீங்க. எங்க மெஷின் எதுவும் அப்படிப் பழுதாகல. அது நாங்க சொன்ன பொய். நான் சொன்ன பொய்."

க்ளோட்டின் முகம் வேகவைத்த நண்டு மாதிரி சிவந்தது. ஒதில் பேனாவைக் கீழே வைத்தாள்.

"எத்தனை வருஷமா?" என்றாள்.

"நான் சூப்பர்வைசர் ஆனதுலேருந்து. பொண்ணுங்க பண்டிகைக்குப் போனத நாங்க பழுதுன்னு சொன்னோம். வெக்கப்பட்டுச் சொன்னோம். எதுக்கு வெக்கப்பட்டோமோ அதுதான் எங்ககிட்ட இருக்கறதுலயே பெரிய சொத்துன்னு இப்பத்தான் எனக்குத் தெரிஞ்சது."

பிறகு ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது, ஏன். சோர்சிங் என்றாள், மார்ஜின் என்றாள், பொசிஷனிங் என்றாள், ஒவ்வொன்றையும் எதற்காகச் சொல்கிறோம் என்று தெரிந்து சொன்னாள். மூலையிலிருந்த ரமாமணி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேச்சு நல்லா இருக்கு," என்றாள் ஒதில். "ஆனா பொய் சொன்னவங்க பேச்ச நான் எப்படி நம்பறது?"

"நம்ப வேண்டாம், மதாம். கீழ வந்து பாருங்க. இது ரமதான் மாசம். நோன்பு திறக்க முஸ்லிம் பொண்ணுங்க கிளம்பற நேரம் இப்போ."

நால்வரும் இறங்கிப் போய் ஹால் வாசலில் நின்றார்கள். வெயில் சாய்ந்திருந்தது. நஸீமா கையிலிருந்த ஸ்வெட்டரை முடித்து வைத்துவிட்டு எழுந்தாள். அவளோடு அங்கங்கே பெண்கள் எழுந்தார்கள், தலையில் துணியைச் சரிசெய்துகொண்டு வேனுக்கு நடந்தார்கள். அவர்கள் கதவைத் தாண்டுவதற்கு முன்பே மற்றப் பெண்கள் ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்கு மாறி உட்கார்ந்தார்கள். மணி அடிக்கவில்லை, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மெஷின்களின் சத்தம் ஒரு சுருதி இறங்கி, உடனே பழையபடி ஏறியது.

ஒதில் தன் தோளில் போட்டிருந்த ஸ்வெட்டரை எடுத்து இவெட்டிடம் நீட்டினாள். வேறு யாரோ செய்த சரக்கு, கழுத்து ஒரு மாதிரி குறுக்காக மடிந்து வருகிறது. "இது மாதிரி செய்ய முடியுமா?"

இவெட் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "யார் செஞ்சது இது? இந்தப் பக்கம் ஒரு கண்ணி விட்டிருக்காளே," என்றாள் கிரியோலில். அதை மொழிபெயர்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை. பக்கத்து இரண்டு பெண்களைக் கூப்பிட்டாள். பொழுது இருட்டுவதற்குள் அதே கழுத்து வைத்த ஸ்வெட்டர்கள் மேஜைமேல் அடுக்காக இருந்தன. ஒதில் ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தாள். ஒன்றுகூடப் பிரியவில்லை. ருக்மணி பெருமையில் அழுதுவிடுவோமோ என்று பயந்து கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேலே அறைக்குத் திரும்பியதும் ஒதில் ஒப்பந்தத்தை எடுத்து ஒரு பக்கத்தைக் குறுக்கே கோடு போட்டு அடித்தாள்.

"சாதாரண சரக்கு மடகாஸ்கருக்குப் போகட்டும். குளிர்காலத்துல திரும்பக் கேக்கற ஆர்டர் எல்லாம் இங்க. விமானச் செலவ என் கணக்குல பாத்துக்கறேன். எனக்கு வேண்டியது வேகம். மதாம் மருதை, ஒரே ஒரு நிபந்தனை."

"சொல்லுங்க, மதாம்."

"இனிமே ஈத்னா ஈத்னு சொல்லுங்க."

க்ளோட் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். தன் தொழிற்சாலையில் நடப்பது தனக்குத் தெரியாமல் போனது அவரைக் குத்தியிருக்க வேண்டும். கடைசியில் திரும்பினார். பதினைந்து வருஷமாகக் கிரியோலில் நீ என்றே கூப்பிட்டவர், பிரெஞ்சில் பேசினார். "ருக்மணி, பொய்யப் பத்தி நாம தனியாப் பேசுவோம். நான் கோவமாத்தான் இருக்கேன். ஆனா அந்த ஹால நடத்த ஒரு மேனேஜர் வேணும். நீங்க நடத்துவீங்களா?"

"நடத்தறேன், மிஸ்யே க்ளோட்."

படிக்கட்டில் ரமாமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "பாஸ்னு சொல்ல வேண்டிய அவசியம் இல்லன்னு நினைக்கறேன். வகுப்புக்கே இதப் பாடமா வைக்கப் போறேன். வாங்க, எல்லாத்தையும் எனக்கு மறுபடி சொல்லுங்க."

"சொல்றேன், மிஸ். கொஞ்சம் பொறுங்க. கீழ இருக்கறவங்களுக்கு இன்னும் ஒண்ணுமே தெரியாது."

ஹாலுக்குள் வேகமாகப் போனாள். சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள், அழகான பேச்சு. வாயைத் திறப்பதற்குள் இவெட் கத்தினாள். "ருக், எங்க சுத்திட்டு இருக்க? அந்த மதாம் கேட்ட கழுத்துக்கு மூணு பேர் போனதுல நஸீமா மெஷின் காலியாக் கிடக்கு. பேச்சு அப்புறம், உக்காரு!"

புது மேனேஜர் உட்கார்ந்தாள். கஞ்சி போட்ட புடவையை முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டு கண்ணியை ஊசியில் மாட்ட ஆரம்பித்தாள். இத்தனை வருஷம் ஆகியும் விரல் மறக்கவில்லை. கண்ணை வேலையிலிருந்து எடுக்காமல் பக்கத்திலிருந்தவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"இவெட், ஹால மூடல. நாம இங்கதான் இருக்கோம்."

இவெட்டின் கை நின்றது. எந்தப் பண்டிகைக்கும் நிற்காத கை. அவள் எழுந்து சுவரோரம் போய் மெயின் சுவிட்சை இறக்கினாள். ஹால் முழுக்கச் சட்டென்று அமைதியானது. அத்தனை பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்பச் சொல்லு," என்றாள் இவெட். அவள் முகம் கண்ணீரில் நனைந்திருந்தது. "சத்தமாச் சொல்லு."

ருக்மணி எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.